வெள்ளிக்கு அடுத்தது சனி

இந்த முறை வேனை நான்தான் முடிவு செய்வேன் என்று சமையலறையில் நின்று முழங்கினேன். மேஜையைக்கூடத் தட்டினேன். அடுப்பில் வெந்துகொண்டிருந்த ஹாட்டிஷ் என்கிற இறைச்சி உருளைக்கிழங்குக் கலவையைத் தவிர அங்கே யாரும் இல்லை. இல்லாவிட்டால் என்ன, முழக்கம் முழக்கம்தான்.

நான் ரோல்ஃப். அமெரிக்காவின் வடகோடியில், டுலூத் நகரத்தில் தபால்காரன். ஊரிலுள்ள நாய்கள் எல்லாம் என்னைக் கண்டால் வாலைச் சுருட்டும். என் மனைவி மார்லிஸ் பல் டாக்டரிடம் வேலை செய்கிறாள். பிறத்தியார் வாயைத் திறக்க வைப்பதும், திறந்த வாயைப் பேச விடாமல் செய்வதும் அவள் தொழில். வீட்டுக்கு வந்தும் அதை விடுவதில்லை.

அக்டோபரில் எங்கள் பழைய வேன் மலைச்சாலையில் பாதி ஏறி, புகையை விட்டு, உயிரையும் விட்டது. எங்களுக்கு மூன்று பெண்கள். மூவரும் ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்கள். அவர்களுடைய பைகளைச் சின்னக் காரில் ஏற்றினால் பெண்களை இறக்க வேண்டும். பெண்களை ஏற்றினால் பைகளை இறக்க வேண்டும். ஆகவே உடனே வேன் வேண்டும்.

விலைக்கு இரண்டு இருந்தன. ஒன்று சிவப்பு. பதினான்கு வயது. சர்ச்சில் ஆர்கன் வாசித்து ஓய்வுபெற்ற மாவிஸ் என்ற அம்மாளுடையது. மற்றது வெள்ளி நிறம். பதின்மூன்று வயது. கார்டி என்பவனுடையது. அதன் பின்னால் இழுவைக் கொக்கி இருந்தது.

அந்தக் கொக்கியைப் பார்த்த கணமே என் மனசு அதில் மாட்டிக்கொண்டது. காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். என்னிடம் மீன் பிடிக்கும் குடிசை ஒன்று இருக்கிறது. சக்கரம் வைத்தது. ஏரி உறைந்ததும் அதை இழுத்துப்போய் பனிக்கட்டி மேல் நிறுத்தி, உள்ளேயிருந்தே பனியில் ஓட்டை போட்டு, தூண்டிலோடு உட்கார்ந்துவிடலாம். சனிக்கிழமை விடிகாலையில் மார்லிஸ் பெண்களைப் பயிற்சிக்கு ஓட்டிப் போவாள். அவள் திரும்பியதும் வேனும் எனக்கு, ஏரியும் எனக்கு. இது வெளியே தெரிந்தால் கொக்கியும் போச்சு, குடிசையும் போச்சு.

முதலில் சிவப்பு. மார்லிஸ் பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்தாள். தரையில் மல்லாந்து படுத்து வண்டியின் அடியைத் துருவித் துருவிப் பார்த்தாள். துரு இல்லை.

"சுத்தமா இருக்கு ரோல்ஃப். தினமும் பல் தேய்ச்ச வாய் மாதிரி."

"கதவைக் கையால இழுக்கணும் மார்லிஸ்!"

"உனக்குக் கை இருக்குல்ல?"

அடுத்து வெள்ளி. பட்டனைத் தொட்டதும் கதவு தானே நகர்ந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. மார்லிஸ் மறுபடி படுத்தாள்.

"சொத்தை. ரெண்டு எடத்துல."

"சும்மா அழுக்கும்மா அது" என்றான் கார்டி.

"வாயத் திறக்கற வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

பிறகு ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். உதட்டைப் பிதுக்கினாள். நான் அதற்குள் பின்பக்கம் போய்க் கொக்கியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் போர் தொடங்கியது.

"சிவப்பு" என்றாள்.

"வெள்ளி" என்றேன்.

"சிவப்புல துரு கிடையாது."

"வெள்ளில சீட்டே சூடாகும்! விடிகாலைக் குளிருக்கு அடுப்புமேல உக்காந்த மாதிரி இருக்கும்!"

"யாருக்கு?"

"ஓட்டறவங்களுக்கு! பனி கொட்டினாலும் நாலு சக்கரமும் சேந்து இழுக்கும். பின்னாடி கேமரா. எல்லாம் நம்ம பொண்ணுங்க பாதுகாப்புக்குத்தான்!"

"பொண்ணுங்க மேல திடீர்னு இவ்வளவு பாசமா?"

"நான் அப்பன்!"

அவள் சிவப்பை விடவில்லை. நானும் வெள்ளியை விடவில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் இவ்வளவு நேரம் விடாமல் நின்றது இதுதான் முதல் தடவை. மூன்று நாள். மாமனார் போன் செய்து சிவப்பு என்றார். எதிர்வீட்டு ஆர்டிஸ் வேலியோரம் நின்று சிவப்பு என்றாள். உலகமே சிவப்புக் கட்சி. நான் ஒற்றை ஆளாக நின்றேன்.

நான்காம் நாள் மார்லிஸ் பெருமூச்சு விட்டாள்.

"அந்த வேன்ல என் கால் பிரேக்குக்கு எட்டல. நான் எப்படி ஓட்டறது?"

வெற்றி கண்ணுக்குத் தெரிந்தது. நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அப்ப நான் ஓட்டறேன்!"

"எப்பவுமா?"

"எப்பவும்!"

"எந்தக் கிழமையா இருந்தாலும்?"

"எந்தக் கிழமையா இருந்தாலும்! என்ன பயந்துட்டேன்னு நினைச்சியா?"

"சரி. வெள்ளியையே வாங்கு. கார்டிய அந்த ரெண்டு சொத்தையையும் அடைச்சுக் குடுக்கச் சொல்லு."

ஜெயித்தேன். அன்றைக்கு இரண்டு தட்டு ஹாட்டிஷ் சாப்பிட்டேன்.

டிசம்பரில் ஏரி உறைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சீட்டியடித்தபடி குடிசையைக் கொக்கியில் மாட்டினேன். மார்லிஸ் கையில் காபியோடு வெளியே வந்தாள்.

"என்ன இது?"

"மீன் குடிசை. நாளைக்கு நீ பொண்ணுங்கள விட்டுட்டு வந்ததும் ஏரிக்குப் போறேன்."

"நானா? நீதானே விடணும். ஆறு மணிக்குப் பயிற்சி. முடியறதுக்குப் பத்து. அப்புறம் ரெண்டு மணிக்கு ஆட்டம். தெருவுல இன்னும் ரெண்டு பொண்ணுங்களையும் நீ கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். எந்தக் கிழமையா இருந்தாலும்னு சொன்னியே."

வெள்ளியை வாங்கினேன். சனி பிடித்துக்கொண்டது.

விடுவேனா? அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் சீட்டில் உட்கார வைத்தேன். பக்கத்திலிருந்த பட்டனை அழுத்தினேன். சீட் சத்தமில்லாமல் முன்னால் நகர்ந்து, அவள் காலைப் பிரேக் மேலேயே கொண்டுபோய் வைத்தது.

"பாரு! எட்டுது!"

"தெரியும்" என்றாள். "அன்னிக்கே கார்டி காட்டினான். நீ கொக்கியத் தடவிட்டு இருந்த."

அவள் காபி ஆறியது, நான் ஆறவில்லை. ஆனாலும் பணியவும் இல்லை. மறுநாள் காலை ஐந்தரை மணி. பனி ஊசி போல் குத்துகிறது. வேனுக்குள் ஐந்து பெண்கள் கொட்டாவி விட்டபடி இருக்கிறார்கள். நான் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே நின்று, தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"குடிசையக் கழட்ட மாட்டேன் மார்லிஸ்! பயிற்சிக்கும் இதோடதான் போவேன்! ஆட்டத்துக்கும் இதோடதான் போவேன்! யார் சொன்னாலும் கழட்ட மாட்டேன்!"

ஜன்னல் ஒரு சாண் திறந்தது.

"கழட்டாத. அந்த நாத்தம் புடிச்ச பைங்கள எல்லாம் அதுல போட்டுடு, வேன் நல்லா இருக்கும்."