கரடிக்கு வைத்த டோனட்

ஃபோர்ட் கென்ட், மெய்ன்
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய மச்சான் லியான்டர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை க்ளாரீஸின் கணவன் நார்மன் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இங்கே இருவரும் சௌக்கியம். பாங்கரில் மகள் வீட்டில் நீங்களும், ஆபரேஷன் செய்து வைத்த உங்கள் புது இடுப்பும் சௌக்கியமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, க்ளாரீஸும் அங்கேயேதான் இருக்கிறாள்.

வருகிற திங்கள் கரடி வேட்டை சீசன் ஆரம்பம். உங்கள் பரணுக்கு எதிரே, கரடியை வரவழைக்கச் சங்கிலி போட்டுக் கட்டிய இரை டிரம்மை மூன்று வாரமாக ஒரு கரடியும் எட்டிப் பார்க்கவில்லை. இந்த வருடம் காட்டில் ராஸ்பெரி அதிகம், அதனால்தான் என்று சொன்னேன். பொய். டிரம்மைப் பார்த்து மரத்தில் கட்டிய கேமராவில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன். அதுவும் பொய். காரணம் நான்தான்.

சீசன் வரை உங்களால் காட்டுக்குள் நடக்க முடியாது என்பதால் டிரம்மை நிரப்பும் வேலையை என்னை நம்பிக் கொடுத்தீர்கள். "கொட்டிட்டு ஒடனே கெளம்பிடணும் நார்மன். மனுஷ வாடை அங்க நிக்கவே கூடாது" என்று மூன்று முறை சொன்னீர்கள். முதல் வாரம் அப்படித்தான் செய்தேன், நெஞ்சில் வெள்ளைத் திட்டு உள்ள அந்தக் கரடிப் பெரியவரும் தினமும் வந்தார், படம் அனுப்பினேனே. ஆனால் பாருங்கள், ஏப்ரலில் டாக்டர் சர்க்கரை என்று சொன்ன நாளிலிருந்து உங்கள் தங்கை மேப்பிள் பாகைப் பூட்டி வைத்துவிட்டாள், ப்ளோய் அப்பத்துக்கு வெறும் வெண்ணெய்தான், இப்படிக் காய்ந்து கிடக்கிறவனிடம் பேக்கரியில் மிஞ்சிய டோனட் நாலு பெட்டியைக் கொடுத்து ஆளில்லாத காட்டுக்குள் அனுப்பினால் அவன் என்னதான் செய்வான்? ஒன்றே ஒன்றுதான் எடுத்தேன். மறுநாள் இரண்டு. அப்புறம் டோனட்டில் என்னவோ பழைய ருசியே இல்லை, அதனால் மனசு நிறைய ஆறு ஏழு தேவைப்பட்டது, அதை நின்றுகொண்டே தின்ன முடியுமா, வாளியைக் கவிழ்த்துப் போட்டு முக்கால் மணி நேரம் உட்கார ஆரம்பித்தேன், வாயைத் துடைத்த கைக்குட்டையை டிரம்மின் மேலேயே மறந்துவிட்டு வந்தேன், ஒரு நாள் குளவி உதட்டில் கொட்டி வீங்கியதும் க்ளாரீஸிடம் முள்செடி கிழித்தது என்றேன். கேமராவைத் திறந்து பார்த்தால் நாற்பத்தொரு படம், நாற்பத்தொன்றிலும் நான். எல்லாவற்றையும் அழித்தேன்.

இதைவிட வெட்கம் போன வியாழக்கிழமை. ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். இன்றோடு மாட்டினோம் என்று உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் என் தோளைத் தட்டி, "சர்க்கரை எவ்ளோ எறங்கியிருக்கு பாருங்க! இந்த ஊர்லயே உங்கள மாதிரி கட்டுப்பாடா இருக்கறவங்க இல்ல" என்றாள். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. க்ளாரீஸ் பக்கத்தில் நின்று ஒரு மாதிரி சிரித்தாள். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அதையும் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில், "ஒரு கரடி கூடவா வரல? எனக்கு வயசாயிடுச்சுன்னு அதுங்களுக்கே தெரிஞ்சுபோச்சு போல. துப்பாக்கிய வித்துடலாம்னு பாக்கறேன்" என்றீர்களே, அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. நாற்பத்தாறு வருடமாக ஒரு சீசனும் தவறவிடாதவர் நீங்கள். உங்களுக்கு வயதாகவில்லை, மச்சான். உங்கள் தங்கை புருஷன் தின்றுவிட்டான், அவ்வளவுதான்.

துப்பாக்கியை விற்காதீர்கள். திட்ட வேண்டுமானால் நேரில் வந்து திட்டுங்கள். க்ளாரீஸுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

மகளுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். உங்கள் முகத்தில் விழிக்கத் தைரியமில்லாத,
நார்மன்

பின்குறிப்பு:
அண்ணா, இது க்ளாரீஸ். தபால் தலை ஒட்டச் சொல்லி உறையை என்னிடம் தந்தார், கெட்டில் ஆவியில் பிரித்துவிட்டேன். இரண்டாவது வாரமே சட்டையெல்லாம் சர்க்கரைத் தூள். கேட்டால் மகரந்தமாம். அன்றிலிருந்து ஷெட்டில் இருந்த பெட்டிகளை மாற்றி வைத்தேன். அதே பேக்கரியில் முதியோர் இல்லத்துக்குச் செய்து மிஞ்சுகிற சர்க்கரையில்லாத ஓட்ஸ் டோனட். கரடி ஒரு கடி கடித்துத் துப்பிவிட்டுப் போனது, அந்தப் படத்தை அவர் பார்ப்பதற்குள் நான் எடுத்துவிட்டேன். இவர்தான் ஆறு ஏழு தின்றிருக்கிறார். உன் சீசனைக் கெடுத்தது நான்தான், அண்ணா. எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்குப் புருஷன் வேண்டுமே.

மூன்று நாளாக இவர் டிரம்முக்குப் போய் வந்த பிறகு நானே போய் நிஜ டோனட் கொட்டுகிறேன். பெரியவர் திரும்பி வந்துவிட்டார், படம் வைத்திருக்கிறேன். தைரியமாக வா. ஒன்றே ஒன்று: சுடுவதற்கு முன் கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் பார். பெரியவரும் இவரும் இப்போது ஏறக்குறைய ஒரே பருமன்.