என் பேலட்டுகளின் மேல் நடந்த கல்யாணம்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க அஸ்மத் மச்சான் அவர்களுக்கு, கரீம் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் என் வீட்டுக்காரி ஆஃப்ஷீனும் நலம். சாமல்பட்டியில் நீங்களும் அக்காவும் உங்கள் புளி மண்டியும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். நலம் என்று எழுதியது ஒரு வழக்கத்துக்குத்தான். என் இடுப்பும் நலமில்லை, மனசும் நலமில்லை, இரண்டுக்கும் காரணம் நீங்கள். போனில் சொன்னால் நடுவில் புகுந்து நீங்கள் பேசிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

சரக்குக்கு அடியில் வைக்க நம்மிடம் மரப் பேலட் வாங்கிக்கொண்டிருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டதும், பட்டறையை மூடிவிடலாமா என்று உங்களைத்தான் கேட்டேன். "மூடாதே மாப்ள, விரி! எல்லை ரோட்டுல புதுசா வர்த்தக மையம் கட்டியிருக்கான், கண்காட்சி போடுறான், போய் ஸ்டால் போடு" என்றீர்கள். போட்டேன். நம் ஆசாரி கங்கப்பன், ஊத்தங்கரையிலிருந்து வந்து இத்தனை வருஷமாக என்னோடு கிடப்பவர், ஒவ்வொரு பேலட்டையும் இழைத்து, மெருகேற்றி, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதுபோல் அடுக்கிவைத்தார். முதல் நாள் சானமாவுக் காட்டருகே யானைகள் ரோட்டிலேயே நின்றுவிட்டதால் பஸ்ஸெல்லாம் நின்றுபோய், மையத்தில் ஸ்டால் போட்டவர்களைத் தவிர ஆளே இல்லை. ஒருவர் சரக்கை ஒருவர் விலை கேட்டுக்கொண்டிருந்தோம். மறுநாள் கூட்டம் வந்தது, இலவசத் துணிப்பைக்கு. பைக்கு வரிசையில் நின்ற கால் வலிக்கு உட்கார இடம் தேடியவர்களுக்கு அந்த மையத்திலேயே வாகான இடம் நம் ஸ்டால்தான். "இது என்னங்க, கட்டிலா?" என்று கேட்டார் ஒருவர். பேலட் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் பொட்டலத்தைப் பிரித்துத் தயிர்சாதம் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். ஊறுகாய்க் கறையைக் கங்கப்பன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், காவியா என்கிற பெண். பெரிய உதிரிபாகக் கம்பெனியில் கொள்முதல் பார்ப்பவர். சனிக்கிழமை நிச்சயம் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு ஆர்டர் கிடைத்தால் பட்டறை ஓடும், கங்கப்பனை ஊருக்கு அனுப்ப வேண்டியதில்லை. சனிக்கிழமை புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஸ்டாலில் என் பேர் பலகை இருந்தது, மேசை இருந்தது, பூச்சாடி இருந்தது, பேலட் ஒன்றுகூட இல்லை.

மையத்தின் மேலாளர் கிருஷ்ணப்பனைத் தேடிப் பிடித்தேன். அவர் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. "பேஜார் மாட்கோபேடி சார், வருத்தப்படாதீங்க. பக்கத்து ஹால்ல கல்யாணம். பொண்ணு வீட்ல ஜனம் ஜாஸ்தி, மேடை பத்தல. உங்க பலகை சும்மாதானே கெடந்துச்சு? அடியில போட்டு மேல கம்பளம் விரிச்சிட்டோம். முகூர்த்தம் முடிஞ்சா எடுத்துக்கோங்க."

சும்மா கிடந்ததாம், மச்சான்!

ஓடினேன். வாசலில் பன்னீர் தெளித்து, கையில் கல்கண்டைத் திணித்து, "மாப்ள வீடா, பொண்ணு வீடா?" என்று கேட்டார்கள். "நான் பேலட்டு வீடுங்க" என்றேன். அவர்கள் அதை ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைத்துக்கொண்டு பந்திக்குத் தள்ளினார்கள். பந்தியிலிருந்து தப்பி மேடையருகே போய்க் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். நம்முடையதேதான். அதற்குள் காவலாளி என் காலரைப் பிடித்தான், செருப்புத் திருட வந்தவன் என்று. மேலே பெண்ணின் அத்தை சாந்தம்மா, தெலுங்கில் ஒரு வாய், தமிழில் ஒரு வாய், எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "ரண்டி ரண்டி, எல்லாரும் ஏறுங்க! ஒருத்தர் விட்டுப்போச்சுன்னா ஆயுசுக்கும் பேச்சு கேக்கணும்!" ஏறினார்கள் மச்சான். குடும்பம் அல்ல, ஒரு தாலுகாவே ஏறியது. என்னைப் பார்த்து, "ஏய் அண்ணா, நீங்க என்ன கீழ நிக்கறீங்க?" என்று கையைப் பிடித்து இழுத்து, அந்தப் போட்டோவில் என்னையும் நிறுத்திவிட்டார்.

அங்கிருந்து பார்த்தால், ஹால் வாசலில் காவியா நிற்கிறார். ஸ்டாலில் யாரோ கைகாட்டி அனுப்பியிருக்கிறார்கள். இறங்கி ஓடி, மூச்சுவாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் குனிந்து கம்பளத்தை விலக்கிப் பார்த்தார். மேலே அத்தனை பேரும் இன்னொரு போட்டோவுக்காக இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். பலகை ஒரு முனகல்கூட முனகவில்லை. இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒரு பெருமையை நான் பட்டதில்லை, மச்சான். காவியாவும் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"பிரமாதமான வேலை சார். ஆனா உண்மைய சொல்லிடறேன். எங்க கம்பெனி மொத்தமா பிளாஸ்டிக்குக்கு மாறிடுச்சு. நேத்துதான் முடிவாச்சு."

"அப்ப எதுக்கும்மா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"வர்றேன்னு சொல்லியிருந்தேனே சார். போன்ல சொல்ல மனசு வரல."

அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. பந்தியில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லி அனுப்பினேன், என்னவோ என் வீட்டுக் கல்யாணம் மாதிரி. வெளியே காத்திருந்த கங்கப்பனிடம் போனேன். அவரே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "மேடை ஆடுச்சா பாய்?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப போதும் வுடுங்க" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். முகூர்த்தம் முடிந்ததும் நான் ஒற்றை ஆளாகப் பேலட்டுகளைத் தூக்கி வண்டியில் ஏற்றினேன், இடுப்பு போனது அப்போதுதான்.

ஆகவே மச்சான், முடிவுக்கு வந்துவிட்டேன். பட்டறையை மூடுகிறேன். உங்கள் மண்டியில் மூட்டைக்குத் தையல் போடுகிற வேலையானாலும் சரி, செய்கிறேன். ஸ்டேஷன் பக்கமாக எங்களுக்கு ஒரு சின்ன வீடு பாருங்கள். அந்த மையத்தின் வாசலை இந்த ஜென்மத்தில் மிதிக்க மாட்டேன். இனி எனக்கு யோசனை எதுவும் சொல்லாதீர்கள், துஆ மட்டும் செய்யுங்கள். அக்காவுக்கு என் ஸலாம். அல்லாஹ் உங்கள் வியாபாரத்தில் பரக்கத்தையும், உங்கள் நாக்குக்குக் கொஞ்சம் ஓய்வையும் தருவானாக.

இப்படிக்கு,
மிகவும் களைத்துப்போன உங்கள் மைத்துனன்,
கரீம்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கிருஷ்ணப்பன் போன் செய்தார். வரும் மாதம் பூராவும் முகூர்த்தமாம், கண்காட்சியை நம்பினால் கரண்டு பில்கூடக் கட்ட முடியாதாம், மையத்துக்கென்றே கழற்றி மாட்டுகிற மாதிரி மணமேடை செய்து தர வேண்டுமாம், அவர் தம்பி நடத்தும் இன்னொரு மண்டபத்துக்கும் வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று நான் கெத்தாக இழுப்பதற்குள் ஆஃப்ஷீன் போனைப் பிடுங்கிச் சரி என்றுவிட்டாள். கங்கப்பன் மாலை பஸ்ஸிலேயே திரும்பி வருகிறார். நாளை விடிந்ததும் அளவெடுக்க அந்த மையத்துக்குத்தான் போகிறேன். வீடு பார்க்க வேண்டாம். ஏதாவது நல்ல வீடு கண்ணில் பட்டால் நீங்களே குடிபோய்விடுங்கள். அக்கா நெடுநாளாகப் புது வீடு கேட்டுக்கொண்டுதானே இருக்கிறாள்.