சர்வர் அதிகாரி

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக இந்த உலகில் நடந்த பெரிய காரியம், என் அத்தான் தன் வீட்டுச் செருப்பு அலமாரியின் மேல் கேம் சர்வர் வைத்ததுதான். இடையில் நடந்ததெல்லாம் சில்லறை விஷயம்.

அத்தான் ஓர் அலுவலகத்தில் ஆவணப் பிரிவுக் கண்காணிப்பாளர். இருபத்தாறு வருடமாக அங்கே சுற்றறிக்கை அனுப்பி வருகிறார். ஒன்றைக்கூட யாரும் படித்ததில்லை. அப்பேர்ப்பட்ட 'நிர்வாகத் திறமை' வீணாகிக்கொண்டிருந்தபோதுதான், வெளியூர் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் அவருடைய ஒரே மகள் போன் செய்தாள்.

"அப்பா, எனக்கு லீவே கிடைக்க மாட்டேங்குது. அம்மா போன்ல 'சாப்பிட்டியா'ன்னு கேட்டுட்டு உடனே அழ ஆரம்பிச்சிடறாங்க. கட்டை கட்டையா அடுக்கி வீடு கட்டற விளையாட்டு ஒண்ணு இருக்கு. நம்ம வீட்டுல ஒரு சர்வர் வெச்சா, அவங்கவங்க இடத்துல இருந்தே எல்லாரும் ஒண்ணா விளையாடலாம்."

"சர்வரா? ஓட்டல்ல இருப்பாங்களே, அவங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"இதுவும் கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கறதுதான். தோள்ல துண்டு மட்டும் இருக்காது," என்றார் அத்தான்.

மூன்று நாள் விடுப்பு எடுத்தார். பரணில் கிடந்த பழைய கணினியைத் தூசி தட்டினார். இணையப் பெட்டியில் ஒரு 'போர்ட்'டைத் திறந்தார். துறைமுகத்தையே திறந்து வைத்த மந்திரிகூட அவ்வளவு நிமிர்ந்து நின்றிருக்க மாட்டார்.

முதல் மாதம் நிலைமை மிக மோசமாக இருந்தது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். மவுஸை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத அக்கா, கோணலாக ஒரு வீடு கட்டினாள். அடுத்த வீடு மகளுடையது. இரண்டுக்கும் நடுவில் தாயும் மகளும் சுரங்கம் வெட்டி, இங்கிருந்து அங்கே போவதும் அங்கிருந்து இங்கே வருவதுமாக இருந்தார்கள். வேறு வேலையே செய்யவில்லை. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தானின் பால்ய நண்பரான எலெக்ட்ரீஷியன் மலைமேல் கோழி வளர்த்தார்.

"ஒரு ஒழுங்கே இல்லையே," என்று அத்தான் என்னிடம் வருத்தப்பட்டார்.

"ஆமாம் அத்தான்," என்றேன். அன்றே நான் துணை அதிகாரி ஆனேன்.

செருப்பு அலமாரிக்கு மேலே பலகை வந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு, "என்னங்க, சர்வாதிகாரின்னா போட்டிருக்கீங்க?" என்றாள்.

"சர்வர் அதிகாரி. கண்ணாடியைப் போட்டுப் படி."

"சேர்த்துப் படிச்சா அப்படித்தாங்க வருது."

இலக்கணம் செய்த சதிக்கு அத்தான் என்ன செய்வார்?

ஞாயிறு காலை ஹாலில் பொதுக்குழு கூடியது. நாற்பத்தொரு விதிகள் வாசிக்கப்பட்டன. மரம் வெட்ட முன் அனுமதி. வீடு கட்ட வரைபடம், மூன்று நகல். பதினாறாம் விதியின்படி, ஆட்சேபம் உள்ளவர்கள் ஆட்சேபிக்க அனுமதி கோரி விண்ணப்பிக்கலாம். "ஏற்பவர்கள் கை தூக்கவும்" என்றார் அத்தான். நான் தூக்கினேன். விதிகள் 'ஏகமனதாக' நிறைவேறின. மகளுக்கு அன்று டூட்டி. எலெக்ட்ரீஷியனுக்கு அழைப்பே போகவில்லை. அக்கா அடுப்பைப் பார்க்கப் போயிருந்தாள்.

முதல் நடவடிக்கை எலெக்ட்ரீஷியன் மேல் பாய்ந்தது. தலைக்குப் பன்னிரண்டு கோழி என்பது வரம்பு. அவரிடம் அறுபத்து மூன்று.

"ஏம்பா, இல்லாத கோழிக்கு எதுக்குப்பா அனுமதி?" என்று அவர் நேரிலேயே வந்து கேட்டார்.

"கோழி இல்லாம இருக்கலாம். விதி இருக்கில்ல?"

"உன் வீட்டு ஒயரிங் முழுக்க நான் போட்டதுப்பா."

"தனிப்பட்ட உறவை நிர்வாகத்துல கலக்காதே."

முப்பது நாள் தடை. எலெக்ட்ரீஷியன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். என்ன ஒரு கட்டுப்பாடு!

பிறகுதான் அந்தச் சுரங்கம் அத்தானின் கண்ணில் பட்டது. அனுமதியற்ற கட்டுமானம். இரண்டு வீடுகளுக்கும் வரைபடம் கிடையாது. பாரபட்சம் என்ற பேச்சுக்கே இடம் தராமல், சொந்த மனைவிக்கே நோட்டீஸ் அனுப்பினார். அனுப்பினார் என்றால், சமையலறைக்கு நடந்து போய்க் கையில் கொடுத்தார்.

"ஏழு நாளைக்குள்ள எழுத்துமூலமா பதில் வேணும்."

அக்கா மாவுக் கையோடு அதை வாங்கிப் பார்த்தாள். "என்னங்க இது? அவளைப் பார்க்க எனக்கு இருக்கறது அந்த ஒரு வழிதானே?"

"அதையே எழுதிக் கொடு. பரிசீலிக்கறேன்."

அக்கா எழுதிக் கொடுக்கவில்லை. எட்டாம் நாள் காலை இடிப்பு உத்தரவு பிறந்தது. உயர் அதிகாரி நேரடியாகக் களத்தில் இறங்குவது மரபல்ல என்பதால், பணி துணை அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. துணை அதிகாரி கடமையைச் செவ்வனே செய்தார். இரண்டு வீடும் சுரங்கமும் நான்கே நிமிடத்தில் தரைமட்டம். மகள் அங்கே வாசலில் நட்டிருந்த பூச்செடிகள் விதிமுறைக்கு உட்பட்டவை. இருந்தாலும் அவையும் போயின. இதுபோன்ற பெரிய பணிகளில் இதெல்லாம் சகஜம்.

மதியம் டூட்டி முடிந்து மகள் விளையாட்டுக்குள் வந்தாள். வெறும் மண்ணில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எழுதினாள்: "அம்மா, வீடு எங்கம்மா?"

அக்கா பதில் எழுத எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் அத்தான் முந்திக்கொண்டார்: "கேள்விகளைப் படிவம் ஒன்பதில் அனுப்பவும்."

மகள் வெளியேறினாள். அக்கா கணினியை மூடிவிட்டுப் போய்த் துணி மடித்தாள்.

மறுவாரத்திலிருந்து அக்கா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. விசாரித்ததில், மகள் தன் விடுதியில் இருந்தபடியே வேறு சர்வர் வைத்துவிட்டது தெரிந்தது. அங்கே பலகை இல்லை, பொதுக்குழு இல்லை. எலெக்ட்ரீஷியனுக்கு இருநூறு கோழியாம். அராஜகம்!

எங்கள் சர்வரோ ஒரு நொடிகூட நிற்காமல் ஓடியது. வாராந்தர அறிக்கையை அத்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். "விதிமீறல், இல்லை. புகார், இல்லை." பக்கத்தைத் திருப்பினார். "ஆள், இல்லை." பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார், "பொண்ணு உன்கிட்ட ஏதாவது பேசினாளா?"

எனக்கு அந்த அமைதி ஒத்துக்கொள்ளவில்லை. மகளுக்குப் போன் செய்தேன்.

"பாப்பா, உன் சர்வர்ல மாமாவுக்கும் ஒரு இடம் கொடும்மா. அப்பா குணம் உனக்குத் தெரியாததா? எல்லாம் அவர் போட்ட உத்தரவு. அதுல இருந்ததும் அவரோட கையெழுத்துதான். என்னோடது இல்ல."

அவள் கோபப்படவில்லை. நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"கையெழுத்து அப்பாவோடது, சரி. கை யாரோடது மாமா?"