பரந்தன் சந்தியில் பறிபோன திறப்பு

மோட்டார் சைக்கிள் திறப்பை, அதாவது சாவியை, பறிகொடுத்துவிட்டு, பரந்தன் சந்தியில் மீன்பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த சிறுவர் பாதுகாப்புப் பொறுப்பாளர் இந்த இலங்கையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள், அதனால் முந்திக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தில் சிறுமிகளுக்கு வலைப்பந்து அணி தொடங்கியபோது, பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஒருவர் பொறுப்பாக இருக்கவேண்டும் என்றார்கள். கிளிநொச்சியில் ஒரு நாள் பயிற்சி. மத்தியானச் சாப்பாடு உண்டு என்றதும் கையைத் தூக்கினேன். (கோழிக்கறி. பொய் சொல்லக்கூடாது, நல்ல கறி.) போகும்போது சாதாரண ஆளாகப் போனவன், கழுத்தில் விசிலும் சட்டையில் பொறுப்பாளர் அட்டையும் நடையில் ஒரு மிதப்புமாகத் திரும்பி வந்தேன்.

அடுத்த சனிக்கிழமையே பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினேன்.

"கழகத்து ஆள் எண்டாலும் சரி, மாமா எண்டாலும் சரி, ஒருத்தரின்ர மோட்டச்சைக்கிளிலயும் தனிய ஏறக்கூடாது. நான் கூப்பிட்டாலும் ஏறக்கூடாது. விடாமல் கூப்பிட்டால் சனம் நிக்கிற பக்கம் ஓடிப்போய்த் தொண்டை கிழியக் கத்தவேணும்."

கத்திப் பழகினோம். மைதானத்தில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் ஓடின. ஜெனிற்றா என்ற பதினொரு வயதுப் பிள்ளைக்கு மட்டும் சத்தமே வரவில்லை. "பிள்ளை, இது பக்கத்தில நிக்கிறவளுக்கே கேக்காது" என்று நக்கலடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

சில மாதங்கள் கழித்துப் புதுக்குடியிருப்பில் ஒரு போட்டி. நன்றாகத் தோற்றோம். வாடகை வானில் திரும்பிப் பரந்தன் சந்தியில் இறங்கியதும், ஒவ்வொரு பிள்ளையாக வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போனார்கள். மிஞ்சியது ஜெனிற்றா. அவளுடைய அம்மாவுக்குப் பளையில் ஒரு கடையில் வேலை. அவர் வரவேண்டிய பஸ்ஸைக் காணவில்லை, போனும் எடுபடவில்லை. இப்படியான நேரத்தில் பெரியவர்கள் இரண்டு பேராவது பிள்ளையோடு நிற்கவேண்டும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நானோ, "நீங்கள் போங்கோ தங்கச்சி, நான் இருக்கிறன்தானே" என்று எங்களோடு வந்த பயிற்றுநரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்குப் பசி வேறு. சந்திக் கடையடியில் விட்டிருந்த மோட்டார் சைக்கிளை எடுத்து வந்தேன்.

"ஏறு பிள்ளை, வீட்டை கொண்டுபோய் விடுறன்."

"வேண்டாம் மாமா. அம்மா வருவா."

"மழை வரப்போகுது."

"நீங்கள்தானே சொன்னனீங்கள், நீங்கள் கூப்பிட்டாலும் ஏறக்கூடாதெண்டு."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நான் போட்ட சட்டம் எனக்கேயா? "அது மற்ற ஆக்களுக்கு" என்றேன். (இதை இன்றைக்கு நினைத்தாலும் காது கூசுகிறது.) சொன்னதோடு நிற்காமல், அவளுடைய பையை வாங்கி ஹாண்டிலில் கொழுவினேன்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. இத்தனை நாளும் எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ தெரியாது. "வேண்டாம், நான் இவரோட வரமாட்டன்" என்று கத்திக்கொண்டே மீன் விற்கிற பக்கம் ஓடினாள். தேநீர்க்கடையில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஓட்டோக்காரர் இறங்கினார். வெளிக்கிட்ட பஸ்ஸைக் கொண்டக்டர் விசிலடித்து நிற்பாட்டினார். மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்கா, கத்தியைக் கீழே வைக்காமலே வந்து என் திறப்பைக் கழற்றி எடுத்தார்.

"நான் சிறுவர் பாதுகாப்புப் பொறுப்பாளர்" என்றேன்.

"அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார் ஓட்டோக்காரர். "அட்டை இருக்கோ?"

அட்டை மற்றச் சட்டையில். விசிலைக் காட்டினேன்.

"விசில் என்ர மகனிட்டையும் கிடக்கு. இதில இருங்கோ."

இருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது, உண்மைதான். ஆனால் அந்த மீன்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து நான் பார்த்ததை மறக்கமாட்டேன். ஏன் கத்தினாய் என்று ஒருவரும் அவளை அதட்டவில்லை. பெரிய ஆளை அப்படிச் சொல்லலாமோ என்று ஒரு வாயிலிருந்தும் வரவில்லை. மீன்கார அக்கா அவள் இருக்கக் கதிரையைத் துடைத்துப் போட்டார். யாரோ பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். கொண்டக்டர் தன் பஸ்ஸை மறந்து, பளை பஸ் எங்கே நிற்கிறது என்று போனில் விசாரித்தார். யார் பெற்ற பிள்ளை என்றே தெரியாத சனம், அவள் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சுற்றிவர நின்றது. என் சின்ன வயதில் நான் இப்படிக் கத்தியிருந்தால் எனக்குத்தான் அடி விழுந்திருக்கும். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மழைக்குளிர் என்று சமாளித்தேன்.

பளை பஸ் வந்தது. அம்மா ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டு, முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "நல்ல வேலை செய்தாய்" என்றார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பி, "ஓம், இவரைத் தெரியும்" என்றார்.

மீன்கார அக்கா அப்போதும் திறப்பை என்னிடம் தரவில்லை. ஜெனிற்றாவின் கையில் வைத்தார்.

"உனக்குச் சரியெண்டால் குடு பிள்ளை."

அவள் யோசித்தாள். முதலில் ஹாண்டிலில் இருந்த தன் பையைக் கழற்றி எடுத்தாள். பிறகு திறப்பை நீட்டினாள்.

"மாமா, இப்ப சத்தம் காணுமோ, இன்னும் வேணுமோ?"

"காணும் பிள்ளை" என்றேன். "நல்லாக் காணும்."

இன்றைக்கும் வீட்டில் திறப்பைக் காணாமல் நான் தேடினால், குசினிக்குள் சமைத்துக்கொண்டே மனைவி கேட்பாள்: "ஜெனிற்றாவிட்டைக் கேட்டுப் பாத்தனீங்களோ?" மீன்கார அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. சந்தியில் நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் கையை நீட்டுவார். திறப்பைக் கழற்றி அந்தக் கையில் வைத்துவிட்டுத்தான் நான் மீன் விலை கேட்கிறேன்.