இரண்டு மையில் எங்கள் ஊர்

சேசு மரி சூசை துணை

எரியோடு தபால்,
5-8-1962

அன்பும் அச்சுத்தொழில் ஞானமும் நிரம்பிய மாப்பிள்ளை அந்தோணிமுத்து அவர்களுக்கு, அத்தான் ஞானராஜ் வாத்தியார் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நானும், தங்கள் அக்காள் ரோசலினும், பேறுகாலத்துக்கு வந்திருக்கும் மகள் ஆனந்தமேரியும் சுகம். திண்டுக்கல்லில் தாங்களும் தங்கள் அச்சாபீசும் சுகமாகவே இருப்பீர்கள். ஓர் ஊரையே ஒழித்துக்கட்டிய பிறகு சுகத்துக்கு என்ன குறை?

ஊருக்கு ரோடு கேட்டு மனுக் கொடுப்பதற்காக ஒரு மாதம் குனிந்து உட்கார்ந்து, பத்து வர்ணத்தில் வரைபடம் போட்டேன். ஓடைக்கு வான நீலம், குளத்துக்குக் கருநீலம், எரியோட்டுத் தார் ரோட்டுக்குச் சிவப்பு, குளத்தங்கரையில் தொடங்கி ஓடையைத் தாண்டி எரியோடு போக நாங்கள் கேட்கும் புது ரோட்டுக்குக் கத்தரிப்பூ நிறம். ஐம்பது பிரதி அடிக்கத் தங்களிடம் கொடுத்தது என் குற்றம். கறுப்பும் சிவப்பும் தவிர வேறு மை இல்லை என்பதை அடித்து முடித்த பிறகு சொன்னது தங்கள் பெருந்தன்மை. மிஷின்காரர் காத்தமுத்து ஒரு வழி கண்டுபிடித்தாராமே, வெளிறிய நிறமெல்லாம் சிவப்பு, அடர்ந்த நிறமெல்லாம் கறுப்பு என்று. இளம்பச்சைத் தோட்டங்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார்; தள்ளி நின்று பார்த்தால் இதமாக இருக்குமாம். எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் நல்லுசாமி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "என்ன வாத்தியாரே, என் வெண்டைத் தோட்டத்துக்கு அம்மை போட்டிருக்கு" என்றார். ஓரத்தில் நான் எழுதிய நிற விளக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. சிவப்பு, தார் ரோடு. சிவப்பு, ஓடை. கறுப்பு, குளம். கறுப்பு, புது ரோடு. படித்தவர்களுக்குப் புரியும் என்று விட்டுவிட்டீர்களாக்கும்.

மனுவை விசாரித்த ரோடு கமிட்டியில் பாதிப் பேர், கட்சி நோட்டீஸ் என்று நினைத்துக் கையில் வாங்கவே யோசித்தார்கள். வாங்கிப் பார்த்த பெரியவர் ஓடையின் மேல் விரலை ஓட்டி, ஊரை ஒட்டித்தான் ரோடு போகிறதே, இன்னொன்று எதற்கு என்று கேட்டார். ஐயா, அது ஓடை என்றேன். ரோடும் ஓடையும் உங்கள் ஊரில் ஒன்றா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நம் நல்லுசாமி முந்திக்கொண்டார்.

"ஆமாங்கய்யா, வண்டியெல்லாம் ஓடைக்குள்ளதான் போகுது."

அவ்வளவுதான். மனுவை மடித்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை, கேலி போகட்டும். ஆனந்தமேரிக்குக் கார்த்திகையில் நாள். ஐப்பசி மழையில் ஓடையில் வெள்ளம் வந்தால் வண்டி நகராது. போன வருஷம் பிரசவ வலியில் துடித்த சிவனம்மாளைக் கட்டிலோடு தூக்கி அக்கரை சேர்ப்பதற்குள் பிள்ளை போய்விட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் அக்காள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாகத் தங்களைத்தான் நினைத்திருந்தேன். இப்போது, நான்கு நிறமாவது தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். என் படத்தை, மை படாத இடம் ஏதும் மிச்சமிருந்தால், உடனே அனுப்பி வைக்கவும்.

தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாதாவின் ஆசீர் உண்டாகட்டும். காத்தமுத்துவுக்குக் கண் பார்வை உண்டாகட்டும்.

இப்படிக்கு,
ஞானராஜ்

பி.கு.: கோபம் தணியட்டும் என்று இரண்டு வாரம் இதைப் பையிலேயே வைத்திருந்தேன். இன்று கமிட்டி உத்தரவு வந்தது. எங்கள் ஊர் 'ரோட்டை', அதாவது ஓடையை, ஒரு கறுப்பு 'வாய்க்கால்', அதாவது நாங்கள் கேட்ட புது ரோடு, வெட்டிப் போகிறதாம். அந்த இடத்தில் பாலம் கட்டுகிறார்களாம். ஓடைக்குப் பாலம் கேட்க எங்களுக்குத் தைரியமே இருந்ததில்லை. லாரியில் கம்பியும் சிமெண்டும் வரவேண்டும் அல்லவா, அதனால் எரியோட்டிலிருந்து அந்த 'வாய்க்கால்' ஓரமாகவே முதலில் ரோடு. ஐப்பசிக்குள் முடிக்க உத்தரவு. தாங்கள்தான் ஞானத்தகப்பன். காத்தமுத்துவையும் கூட்டி வரவும். அடுத்து ஆஸ்பத்திரி கேட்கப் போகிறோம். இன்னும் ஐம்பது பிரதி வேண்டும். தயவு செய்து எதையும் திருத்த வேண்டாம்.