அக்தாவை அக்காவாக்கிய கதை

எங்கள் பெண்கள் கபடிக் குழுவைத் தோற்கடிக்க எதிரணியே தேவையில்லை. அக்தா அண்ணன் ஒருவர் போதும். பத்து வருடமாகப் பயிற்றுநராக இருந்து வயிறெரிந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அவருடைய நிஜப்பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுபவர். கபடியில் கோடு எது, கட்டம் எது என்றுகூடத் தெரியாது. நாட்டின் விளையாட்டுச் சட்டத்தைத் திருத்துகிறார்கள், விளையாட்டாளர்களின் பாதுகாப்புக்கு விதிகள் வருகின்றன என்று செய்தி வந்த நாளிலிருந்து மனிதருக்கு என்னவோ பிடித்துக்கொண்டது. மலாயில் 'அக்தா' என்றால் சட்டம். எதற்கெடுத்தாலும் "அக்தா என்ன சொல்லுது தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

வேலை முடிந்து நேராக எங்கள் எஸ்டேட் திடலுக்கு வந்துவிடுவார். கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் போட்டோஸ்டேட் எடுத்த விதிகள், கழுத்தில் ஒரு விசில். அந்த விசிலை யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் பழைய ஆள். "எருமை மாடே, ஓடுறியா, ஊர்வலம் போறியா?" என்று கத்தினால்தான் எனக்குப் பயிற்சி கொடுத்த மாதிரி இருக்கும். கத்தி முடிப்பதற்குள் விசில் அலறும்.

"கோச், எருமை தாக் போலே, கூடாது! அது அவமானப்படுத்துற வார்த்தை."

"சரி, வெறும் மாடு?"

"மாடும் கூடாது கோச்."

"பின்ன எப்படித்தான்லா திட்டுறது?"

தாளைப் புரட்டு புரட்டென்று புரட்டினார். "திட்டுறதுக்கு இதுல வழி ஒன்னும் போடல கோச்."

ஒரு வாரம் "அன்புள்ள விளையாட்டாளரே, தயவுசெய்து கொஞ்சம் வேகமாக" என்று கெஞ்சிப் பார்த்தேன். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தார்கள். எடை கூடிய ஒருத்தியை மதியச் சாப்பாட்டை விடச் சொன்னேன். பட்டினி போடக் கூடாதாம். சொன்னதோடு நின்றாரா? ஒரு பை நிறைய பீசாங் கோரெங், அதுதான் வாழைப்பழப் பஜ்ஜி, வாங்கி வந்து என் கண்ணெதிரிலேயே அவளுக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்தார்.

இப்படியிருக்கையில் நீலாயில் போட்டி. ஏற்பாட்டுக் குழுச் செயலாளர் போன் பண்ணினார். நான் நின்றது சாலையோரம், ஒரே லோரி இரைச்சல்.

"பொண்ணுங்க டீமுக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர் வேணும். யாரு வர்றா?"

"என் ஒய்ப் வர்றாங்க. அக்தாவும் வருவேன்னு நிக்குது, பெரிய தொல்லை."

"அக்காவும் வர்றாங்களா? அவங்க பேரையே போட்டுர்றேன்லா!" என்று வைத்துவிட்டார். எனக்கு அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

போட்டியன்று ஒலிபெருக்கியில் அழைத்தார்கள்: "செனாவாங் வீராங்கனைகளின் பாதுகாப்புப் பொறுப்பாளர், அன்பு அக்கா அவர்களே, மேடைக்கு வாருங்கள்!" முறுக்கு மீசையும் தொழிற்சாலை பூட்ஸுமாக அண்ணன் ஏறினார். மல்லிகைச் சரத்தை நீட்டிக்கொண்டு நின்ற பெண் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தாள். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பொறுப்பாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "பொண்ணுங்க ரூமுக்கு நான் போகக் கூடாது, கோச் சம்சாரம் போவட்டும்" என்று மைக்கிலேயே அறிவித்தார். திடலே சிரித்தது.

அந்த அட்டைதான் எனக்கு வினையாகிவிட்டது.

அரையிறுதியில் எங்கள் திவ்யா விழுந்தாள். எதிரணிப் பக்கம் பாடிப் போனால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டு வருகிற பிள்ளை. முழங்கால் வீங்கிவிட்டது. நான் ஸ்பிரே அடித்து, இறுகக் கட்டுப் போட்டு, இறுதி ஆட்டத்துக்கு எழுப்பினேன். அடிபட்டவர் இறங்க வேண்டுமானால் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும் என்றார்கள்.

"தாக் போலே கோச்."

"அண்ணே, பத்து வருஷமா ஒரு கோப்பைகூட இல்ல. ஒரே ஒரு ஆட்டம்ணே!"

"என் கையெழுத்து இருக்கட்டும். புள்ளைய கேட்டீங்களா?"

"அவ ஆடுவா. என்னம்மா, ஆடுவதானே?"

"அப்படிக் கேட்டா எவ இல்லன்னு சொல்லுவா? வலிக்குதான்னு கேளுங்க."

கேட்டேன். திவ்யா என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "வலிக்குது கோச். நிக்கவே முடியல" என்று உடைந்து அழுதாள். இரண்டு வருடம் என்னிடம் ஆடியவள். ஒரு நாளாவது நான் அவளை அப்படிக் கேட்டிருக்கிறேனா? வெட்கமாகப் போய்விட்டது.

திவ்யாவை உட்காரவைத்துவிட்டு ஆடி, மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

மருத்துவமனையில் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, இதோடு இன்னொரு ஆட்டம் ஆடியிருந்தால் முழுசும் போயிருக்கும், ஓய்வெடுத்தால் மறுபடி ஆடலாம் என்றார். திவ்யாவிடம் என் மனைவியை விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வேனில் ஆள் அதிகம் என்று தன் மோட்டார் சைக்கிளிலேயே வந்திருந்த அக்தா அண்ணன், வாசலில் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நான் சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்து அவசரமாகப் பையைப் பிரித்தார்.

"கோச், அக்தா என்ன சொல்லுதுன்னா..."

"அத உள்ள வைங்கண்ணே. புள்ள காலு தப்பிச்சிருச்சு. நீங்க சாப்டீங்களா?"

"காலையிலேர்ந்து இல்ல கோச்."

"வாங்க, போவோம்."

இன்னொரு ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் வைத்து, தாடைக்கடியில் வாரையும் அவரே மாட்டிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.