செவலைக்குச் சரியாக இருந்த கழுத்துப்பட்டை

எந்தக் கைவேலையும் முதல் தடவை கோணலாகத்தான் வரும். மற்றவர்கள் அதைப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்து விடுவார்கள். நான் பின்னியதை ஊரே பார்த்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே இதை நான் மன்னிப்புக் கேட்டு எழுதுவதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு நான் பேசியது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன்.

யுத்த காலம். என் அத்தை மகன் பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், வடக்கே எங்கோ பல் கிட்டுகிற குளிரில். அவருக்கு நான், எனக்கு அவர் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. (இந்த வயதில் இதைச் சொல்ல என்ன வெட்கம்?) ஆனால் மகன் காக்கி உடுப்பு மாட்டியதும் அத்தையின் பேச்சு மாறிவிட்டது.

"ஒம் மகளுக்கு மாட்ட விட்டா வேற என்னண்ணே தெரியும்? எம் மவனுக்கு ஊசி நூல் வேல தெரிஞ்ச பொண்ணாப் பாக்கலாம்னு இருக்கேன்" என்று அப்பாவிடம் முகத்துக்கு நேரே சொன்னார். பொங்கலுக்கு மகன் லீவில் வருவார், அப்போது வந்து முடிவைச் சொல்கிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கோ வயிற்றெரிச்சலில் நன்றாகப் பசித்தது.

நார்த்தாமலை ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி பெங்களூரில் வளர்ந்தவர். எப்போது பார்த்தாலும் குரோஷா ஊசியும் கம்பளி நூலுமாக இருப்பார். நேரே அவரிடம் போய் நின்றேன். ஊசி பிடிக்கத் தெரியாதவர்கள்கூடப் பின்னக்கூடியது என்று ஒன்றைக் காட்டினார். கழுத்தைச் சுற்றிப் போடும் கம்பளிப் பட்டை. நீளமாகப் பின்னி, ஒரு முனையை இன்னொரு முனைமேல் வைத்துப் பித்தான் மாட்டிவிட்டால் முடிந்தது. ஒவ்வொரு வரிசை முடிந்து திரும்பும்போதும் ஒரு சங்கிலிக் கண்ணி கூடுதலாகப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மிச்சமிருந்த சிவப்பு நூலை எல்லாம் என் மடியில் கொட்டிவிட்டுப் பொங்கலுக்குத் தாய்வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டார்.

அந்தக் கூடுதல் சங்கிலியிலும் ஊசியை விட்டுப் பின்னிவிடக் கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களை விடுங்கள்.) வரிசைக்கு வரிசை பட்டை பெருத்தது. உள்ளங்கை அகலத்தில் ஆரம்பித்தது, முடியும்போது முறத்தின் அகலத்துக்கு வந்து நின்றது. எங்கே நிறுத்துவது என்று தெரியாததால் நூல் தீருகிறவரை பின்னினேன். கோணலை மறைக்க ஓரம் முழுக்கப் பித்தான் தைத்தேன். பித்தான்களுக்கு எங்கே போவது? வீட்டில் சட்டைகள் இருந்தனவே! வேலை முடிந்தபோது என் கண்ணுக்கு அது ராஜா வீட்டுச் சாமான்போல இருந்தது. துவைத்து, ஆத்தா கண்ணில் படாமல் மாட்டுக் கொட்டகையில் சலங்கை மாட்டும் முளையில் காயப்போட்டேன்.

அதுதான் வினை. மறுநாள் மாட்டுப் பொங்கல். எங்கள் காளை செவலைக்குக் கொம்பில் வர்ணம் பூசி, நெட்டி மாலை போட்ட அப்பா, முளையில் தொங்கியதைப் பார்த்தார். மகள் காளைக்கு ஆசையாகப் பின்னியிருக்கிறாள் என்று நினைத்து அதன் கழுத்தில் மாட்டிவிட்டார். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

அத்தை குடும்பம் வாசலுக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அப்பா சட்டையை ஒரு கையால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க" என்று ஒற்றைக் கையால் கும்பிட்டார். அத்தை செவலையைப் பார்த்து மலைத்துப்போனார்.

"அடியாத்தீ, யாரு பின்னுனது? இவளா? மாட்டுக்குன்னா எப்படிக் கை வருது பாருங்க! நாஞ் சொன்னது சரிதானே?"

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பாராட்டோடு போயிருக்கும். எனக்கு உச்சந்தலை கொதித்தது.

"அது மாட்டுக்கு இல்லத்தே. ஒங்க மகனுக்குப் பின்னுனது."

அப்பா கையை விட்டுவிட்டார், சட்டை பப்பரப்பா என்று திறந்துகொண்டது. நான் நேராகப் போய்ச் செவலையின் கழுத்திலிருந்து பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். (வேறு யாரும் அதன் கொம்புக்குக் கிட்டே போக மாட்டார்கள்.) பித்தான்களைத் திரும்ப மாட்டி, எச்சில் ஒழுகிய பட்டையைப் பட்டாளத்துக்காரரிடம் நீட்டி, "போட்டுப் பாருங்க" என்றேன்.

பாவம், மறுக்கத் தெரியாமல் தலைவழியாக மாட்டினார். அது கழுத்தில் நிற்கவில்லை. தோளைத் தாண்டி இறங்கி, இரண்டு கைகளையும் விலாவோடு சேர்த்துக் கட்டிவிட்டது. தன் பொருளை எவனோ போட்டுக்கொண்டு நிற்பதைச் செவலை பார்த்தது. முளைக்கயிற்றை ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு அவரிடம் வந்தது. வெள்ளைக்காரன் சண்டைக்குப் போய் வந்தவர், கையை அசைக்க முடியாமல் வைக்கோற்போரைச் சுற்றி ஓடினார். "எம் மவன் கழுத்து என்னடி மாட்டுக் கழுத்தா?" என்று அத்தையும் பின்னால் ஓடினார். நான்தான் செவலையின் கயிற்றைப் பிடித்து நிறுத்தினேன். அவரையும் நான்தான் பித்தான் கழற்றி விடுவித்தேன். அப்போது எனக்குக் கண்ணீர் முட்டியது, ஆனால் தலையைக் குனியவில்லை.

"என்னப்பா சொல்றே?" என்று அத்தை மூச்சு வாங்கக் கேட்டார்.

அவர் வைக்கோலைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "இவள வேற எவனுக்காச்சும் கட்டிக் குடுத்தா அவன் கதி என்னாகிறது? பேசாம நானே கட்டிக்கிறேன் ஆத்தா."

ஊருக்கு உபகாரமாகத்தான் என்னைக் கட்டிக்கொண்டாராம். வீட்டுக்கு யார் வந்தாலும் இதைத்தான் சொல்லிச் சிரிக்கிறார். அந்தப் பட்டை அவரோடு வடக்கே போனது. குளிர் ராத்திரிகளில் அதற்குள் இரண்டு பேர் படுத்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். பின்னல் சரிதான், அவருக்குத்தான் கழுத்து போதவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் பெண் கேட்டு வருகிறவர் முதலில் அதை மாட்டிக்காட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் பேச்சு. மூத்த மாப்பிள்ளைகள் இருவரும் சிரித்துக்கொண்டே மாட்டினார்கள். கடைசிப் பெண்ணைப் பார்க்க வந்தவர் மட்டும், "மாட்டுக்குப் போட்டதை மனுசன் போடுவானா?" என்று முகத்தைச் சுளித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகளே அவர் முன்னால் வைத்த காப்பித் தம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.